பிறந்த வீட்டுச் சேலை

முதலில் சுவரில் தெரிந்தது ஒரு மூக்கு மட்டும்தான். பொள்ளாச்சி சாலையை ஒட்டிய எங்கள் குடியிருப்பின் பக்கச் சுவர் நான்கு மாடி உயரம். சன்னல் ஒன்றுகூட இல்லாத வெறும் சுவர். அதன் நடுவே சாம்பல் நிறத்தில் அந்த மூக்கு இரண்டு நாள் தனியாக நின்றது. யாருடைய மூக்கு என்று டீக்கடையில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். மூன்றாம் நாள் கண்கள் வந்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அது என் பெரியம்மா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதை எங்கேயும் நிமிர்ந்துதான் சொல்வேன். அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நகரத்துச் சுவர்களில் படம் வரைய வெளியூரிலிருந்து வந்த குழுவில் ஒரு பெண்ணுக்கு எங்கள் சுவர் கிடைத்திருந்தது. அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு ஆங்கிலம் வரும் என்பதால் பேச்சை மாற்றிச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். விடியற்காலையில் தெருக் கூட்டிக்கொண்டிருந்த பெரியம்மாவைப் பார்த்ததும், இவரைத்தான் வரைவேன் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

ஒரு மாதிரிப் படத்தைக் காட்டினாள். துப்புரவுப் பணியாளர் கோட்டு, தலையில் தொப்பி, கையில் வேல் பிடித்ததுபோல் நீளமான துடைப்பம். உழைப்புக்கு மரியாதை செய்கிற படம் என்று நான் விளக்கினேன். பெரியம்மா அதை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க அம்மணி. ஆனா தொடப்பம் மட்டும் வேண்டாங்க. வேலை முடிஞ்சா அத ஓரமாச் சாத்தி வெச்சுப்போட்டு ஊட்டுக்கு வந்தர்றேன். செவுத்துல எழுதிப்போட்டா அப்புறம் எங்க கொண்டுபோயிச் சாத்தறது?"

கோட்டும் வேண்டாம் என்றார். பிறகு எப்படி வரைவது என்று அவள் கேட்டாள். பெரியம்மாவுக்கும் தெரியவில்லை. இத்தனை பெரிய சுவரில், காலத்துக்கும் நிற்கப்போகிற ஒரு படத்தில், தான் என்னவாக இருக்க வேண்டும் என்று அதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. "யோசிச்சுச் சொல்றேன் கண்ணு" என்றார். அதனால் முகத்தை மட்டும் வரைந்து, கழுத்துக்குக் கீழே வெறும் சுவராக விட்டிருந்தாள். நாள்தோறும் அவள் கேட்பதும், பெரியம்மா தலையைச் சொறிவதுமாகப் போனது. பக்கத்து வீட்டு அக்கா சும்மா இருக்கவில்லை. "கொழாயடிச் சண்டைல உங்கள செயிக்க முடியாதுங்கக்கா. இப்ப மாடி ஒசரத்துக்கு வேற எழுதறாங்க. இனி உங்க கொடத்த ஆரு நவுத்துவா?"

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் ஒரே தம்பி. கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்புகளில் கூலி வேலை. பெரியப்பா இறந்தபின் பெரியம்மா நகரத்துக்கு வந்து துப்புரவு வேலையில் சேர்ந்ததை மாமாவால் தாங்க முடியவில்லை. "காட்டுக் கூலின்னாலும் மண்ணத்தான அள்ளுனோம், இவ ஊரு குப்பைய அள்ளப் போயிட்டா" என்று சொன்னவர், அத்தோடு பேச்சை நிறுத்தினார். நோம்பி, பண்டிகைக்கு அழைப்பில்லை, சீர் இல்லை. பல வருடம் அப்படியே போயிற்று.

படம் வரைகிற பெண் முகத்தைச் சாம்பல் நிறத்தில் முடித்துவிட்டு, வண்ணம் ஏற்றும் முன் அதைச் சுற்றி வட்டமாகச் செவ்வந்திப் பூக்களை வரைந்தாள். அவள் ஊரில் அது வெறும் அழகு. எங்கள் ஊரில் பெரிதாக எழுதப்படும் முகங்கள் சில வகைதான். தலைவர்கள், நடிகர்கள், கல்யாண வீட்டு மணமக்கள். இவர்கள் எல்லோரும் வண்ணத்தில் சிரிப்பார்கள். கறுப்பு வெள்ளையில், பூவுக்கு நடுவே, சிரிக்காமல் இருக்கும் முகம் என்றால் கண்ணீர் அஞ்சலி. வேறு அர்த்தமே கிடையாது. பேருந்தில் போன மாமாவின் ஊர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு நேராகப் போய் மாமாவிடம், "ஏனப்பா, உங்கக்கா எறந்ததுக்கு இன்னும் போகலியா?" என்று கேட்டிருக்கிறார். மாமாவிடம் பெரியம்மாவின் எண் இல்லை. மில்லில் வேலை நேரத்தில் செல்போனை வாங்கி வைத்துவிடுவதால் என் அம்மாவும் எடுக்கவில்லை.

எங்கள் பக்கம் ஒரு பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். எத்தனை பகையிருந்தாலும் அதை மட்டும் ஒருவரும் தவறவிடுவதில்லை.

அன்று முற்பகல், குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரம், சுவருக்குக் கீழே பெரிய அழுகுரல் கேட்டது. மாமாவின் மனைவியான அத்தை மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். மாமா ஒரு கையில் ரோஜா மாலையும் மறு கையில் மஞ்சள் பையுமாகச் சுவரை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். கூட்டம் கூடியது. இடுப்பில் குடத்தோடு ஓடிவந்த பெரியம்மா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேட்டார்: "ஆருங்க செத்தது?"

அத்தையின் ஒப்பாரி பாதியில் நின்றது. மாமா சுவரைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், மறுபடியும் சுவரைப் பார்த்தார். "அக்கா..." என்றார்.

பெரியம்மா மாலையைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். குடத்தை இறக்கி வைத்தார். "ஏன்டா, நான் செத்தாத்தான் வருவியா?"

மாமாவுக்கு அழுகை வந்தது; அதை மறைக்கக் கோபம் வந்தது. "உசுரோட இருக்கறவள இப்பிடியா எழுதிவெக்கறது? அழிக்கச் சொல்லு முதல்ல!" என்று கத்தினார். அபசகுனம்தான், அழித்துவிடலாம் என்று கூட்டத்திலும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். வெள்ளையடிக்கும் பட்டையை எடுத்துவர ஒருவர் கிளம்பியே விட்டார். சாரத்தின் மேலிருந்த பெண், என்ன நடக்கிறது என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டாள். கோடி என்பதை எப்படிச் சொல்வது? அவர் தம்பி அவருக்கு ஒரு சேலை வாங்கி வந்திருக்கிறார் என்றேன். அவள் சந்தோஷமாகக் கை தட்டினாள்.

பெரியம்மா மஞ்சள் பைக்குள் கையை விட்டுச் சேலையை உருவினார். கிளிப்பச்சையில் அரக்குக் கரை.

"முண்டச்சிக்குப் பச்சையெடுத்துட்டு வந்திருக்கற?"

மாமா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சின்னதுல நோம்பிக்கு நீ பச்சைக்குத்தான அழுவ. வெள்ளை எடுக்க மனசு வல்ல."

பெரியம்மா சேலையைத் தடவிப் பார்த்தார். பிறகு அதை விரித்துத் தோளில் போட்டார். அத்தை பதறிப்போய்க் கையைப் பிடித்தார். "ஐயோ அண்ணி, அது கோடிங்க. கட்டக் கூடாதுங்க."

"போத்துனாத்தான் கோடி. கட்டுனாச் சேலை. என்ற தம்பி எனக்குன்னு எடுத்துட்டு வந்தது, நான் பாக்காம ஆரு பாக்கறது?"

வீட்டுக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்தார். சுவருக்கு எதிரே, வெயிலில், முந்தானையை இழுத்துவிட்டு நின்றார். "அம்மணிகிட்டச் சொல்லு கண்ணு, யோசிச்சுட்டேன்னு. இப்பிடியே எழுதச் சொல்லு." வெள்ளையடிக்கப் போனவர் பட்டையோடு வந்து, அதைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். மாலையைத் தெருமுனை மாரியம்மனுக்குச் சாத்தினார்கள். மாமா அன்று மதியம் பெரியம்மா வீட்டில் சாப்பிட்டார். தோப்பு வேலைக்குத் தனக்குப் பதிலாக வேறு ஆள் சொல்லிவிட்டு, பச்சை நிறம் சுவரில் ஏறி முடியும்வரை ஊருக்குப் போகவில்லை. "கரை இன்னுங் கொஞ்சம் அகலமுங்க" என்று சாரத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

கலை மனிதரை மாற்றும் என்று மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறேன். அத்தனை பெரிதாகச் சொல்ல எனக்கு வராது. அந்தப் படத்தால் எங்கள் குழாயில் கூடுதலாக ஒரு குடம் தண்ணீர் வரவில்லை. வேலையில் மேஸ்திரி இன்னமும் பெரியம்மாவை "ஏய்" என்றுதான் கூப்பிடுகிறார். ஆனால் ஊர் தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் உரிமை, பதவி உள்ளவர்களுக்கும் பணம் உள்ளவர்களுக்கும் மட்டுமே இருந்தது. அது ஒரு முறை எங்கள் வீட்டுக்கும் வந்தது. பெரியம்மா அதை வீணாக்கவில்லை.

இப்போது நான் பொள்ளாச்சியில் வேலை பார்க்கிறேன். தினமும் அந்தச் சுவரைக் கடந்துதான் பேருந்து போகும். மழைத் தண்ணீர் இறங்கி ஓரத்தில் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. போன வாரம் பக்கத்து இருக்கையிலிருந்த வயதான அம்மா, சன்னல் வழியே எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, ஆருங்க அது? பெரிய எடத்துப் பொம்பளைங்களா?"

"எங்க பெரியம்மாங்க. தெருக் கூட்டற வேலைங்க."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பேருந்து திரும்பும்வரை கழுத்தை வளைத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"சேலை எடுப்பா இருக்குதுங்க."

"அவங்க தம்பி எடுத்துக் குடுத்ததுங்க" என்றேன்.