எந்த விரல் என்று நான் கேட்கவில்லை

புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்கு மீனாட்சி அக்காவின் போன் வந்தது. ஆலங்குடியில் எங்கள் கிளினிக்கின் பின்னறையில், மணிக்கட்டு ஒடிந்து மாவுக்கட்டு பிரித்திருந்த கொத்தனார் ஒருவருக்கு விரல்களை மடக்கப் பழக்கிக்கொண்டிருந்தேன். அக்கா எங்கள் டாக்டரின் மனைவி. "செல்வி, வம்பன் நால்ரோடு தாண்டிட்டோம். காரை ஓரமா நிறுத்தியிருக்கேன். ஒங்க டாக்டர் பேச மாட்டேங்கிறாரு" என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வெளியே எட்டுப் பேர் காத்திருக்க, இவர் எதற்குப் புதுக்கோட்டை ரோட்டில் போய் நிற்கிறார்? "முகத்துல தண்ணி தெளிங்கக்கா" என்று சொன்னேன். பிசியோதெரபி படித்தவள் சொல்லுகிற பேச்சா அது? நெஞ்சை அமுக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கு உறைப்பதற்குள் யாரோ போனை வாங்கி, ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார்கள். பத்தரை மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. மாரடைப்பு. டாக்டர் அடைக்கலத்துக்கு வயது ஐம்பத்து நான்குதான்.

வெளியே போய்ச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது நினைவில்லை. காத்திருந்த எட்டுப் பேரும் எழுந்து நின்று கும்பிடக் கையைத் தூக்கினார்கள். கட்டுப் போட்ட கைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. அப்படியே பாதியில் நின்றன. கொத்தனார் மட்டும் நான் சொல்லிக் கொடுத்தபடியே விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டு நின்றார். அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

டாக்டரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அவரை 'கை டாக்டர்' என்றால்தான் தெரியும். விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும்தான் வைத்தியம் என்று அவர் கிளினிக் திறந்தபோது, "அப்ப காலுக்குத் தனியா ஒருத்தர் வருவாராக்கும்?" என்று ஊரே கேலி பேசியதாம். அந்தக் கேலி வெகுநாள் நிற்கவில்லை. கடலை அடிக்கிற மெஷினில் விரலைக் கொடுத்தவர்கள், தேங்காய் உரிக்கும்போது உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டவர்கள், தூண்டில் முள் விரலில் ஏறிக் கட்டுமாவடியிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் என்று வாசல் நிறைந்துவிட்டது.

நான் அங்கே வேலை கேட்டுப் போய்ப் பதினோரு வருடமாகிறது. என் சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "சண்டை போடுவீங்களா?" என்று கேட்டார். தேவைப்பட்டால் போடுவேன் என்றேன். "போடணும். கட்டுப் பிரிச்சதும் வெரலை மடக்குங்கன்னா எல்லாரும் நாளைக்குப் பாத்துக்கலாம்பாங்க. அப்படியே வெறைச்சுப் போயிரும். சண்டை போடத்தான் ஒங்களுக்குச் சம்பளம்" என்றார். எனக்குப் பொருத்தமான வேலைதான். வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

அவர் சட்டைப்பையில் நீல மைப் பேனா ஒன்று இருக்கும். எழுதுவதற்கு அல்ல. எழுதுவதற்கு வேறு பேனா. கை மரத்துப்போகிறது என்று யார் வந்தாலும் இந்தப் பேனாவை அவர்களிடம் கொடுத்துவிடுவார். "எந்த வெரலு? நீங்களே புள்ளி வைங்க" என்பார்.

நான் சேர்ந்த வருடம் கீரமங்கலத்திலிருந்து பாக்கியம் என்கிற அம்மா வந்தார். பூக்கட்டிப் பிழைப்பவர். ஆறு மாதமாக நார் பிடிக்க முடியவில்லை. வேறு ஏதோ ஆஸ்பத்திரியில் கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிக் கழுத்தைச் சுற்றிப் பட்டை மாட்டி அனுப்பியிருந்தார்கள். டாக்டர் பேனாவை நீட்டினார்.

"எல்லா வெரலுந்தாங்க" என்றார் பாக்கியம்.

"எல்லாம்னு சொன்னா நான் எங்கிட்டுப் போயித் தேடுவேன்? நிதானமா யோசிச்சு வைங்கம்மா."

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்று வைத்துக்கொண்டே போன அம்மாவின் பேனா சுண்டுவிரலுக்கு வந்ததும் நின்றுவிட்டது. "இது மட்டும் நல்லாத்தாங்க இருக்கு" என்று அவரே ஆச்சரியப்பட்டார். டாக்டர் அந்தக் கழுத்துப் பட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "மணிக்கட்டுல நரம்பு போற வழி நெருக்கமா இருக்கு. சின்னதாத் தொறந்து விட்டாப் போதும்" என்றார். மூன்றாம் மாதம் பாக்கியம் நாலு முழம் மல்லிகை கட்டிக்கொண்டுவந்து என் தலையில் வைத்துவிட்டு, "டாக்டருக்கு என்னத்தைங்க வைக்கிறது?" என்று அவருடைய வழுக்கையைப் பார்த்துக் கேட்டார். டாக்டர் சிரித்த சிரிப்பு பின்னறை வரைக்கும் கேட்டது.

அன்று எனக்கு ஒன்று சொன்னார். பிறகும் பல தடவை சொல்லியிருக்கிறார். "சுண்டுவெரல்ல புள்ளி இல்லேன்னா மணிக்கட்டு. சுண்டுவெரல்ல புள்ளி விழுந்துச்சுன்னா மணிக்கட்டோட நின்னுராதீங்க செல்வி. மேல ஏறிப் பாருங்க."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சவூதிக்குப் போக விசா வந்திருந்த ஒருவர், பைக்கிலிருந்து விழுந்து கையை ஊன்றிவிட்டு வந்தார். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. டாக்டர் கட்டைவிரலின் அடியில் உள்ள பள்ளத்தில் அழுத்தினார். ஆள் துள்ளிவிட்டார். படத்தை ஓரமாக வைத்துவிட்டு மாவுக்கட்டுப் போட்டார். "படத்துல ஒண்ணுமில்லேங்கிறீங்க, அப்பறம் எதுக்குக் கட்டு? எம்புள்ள பொழப்பக் கெடுக்குறீங்களே" என்று அவருடைய தாயார் கத்தாத கத்து இல்லை. இரண்டு வாரம் கழித்து எடுத்த படத்தில் முடிக்கோடாக முறிவு தெரிந்தது. டாக்டர் அந்தத் தாயாரிடம், "படம் பொய் சொல்லாதும்மா. சில சமயம் லேட்டாச் சொல்லும்" என்று மட்டும் சொன்னார். ஒன்றரை மாதம் தள்ளி அந்த ஆள் விமானம் ஏறினார்.

இப்படிப்பட்ட மனிதர் போன மாதம் ஒரு சனிக்கிழமை என் அறைக்கு வந்து இடது கையை மேசைமேல் வைத்தார். "செல்வி, ராத்திரி போட்டுக்க எனக்கொரு ஸ்ப்ளின்ட் செஞ்சு குடுங்க. கை மரத்துப் போகுது" என்றார்.

"கை டாக்டருக்கே கையா? வெளியில தெரிஞ்சாக் கூட்டம் கொறைஞ்சிரும் சார்" என்றேன்.

"அந்தப் பழைய பைக்கால வந்தது. கிளட்சப் பிடிச்சுப் பிடிச்சு மணிக்கட்டு போச்சு" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி, அவர் மணிக்கட்டில் வைத்து வளைத்து, ஓரங்களைத் தேய்த்து, தூக்கத்தில் மணிக்கட்டு மடங்காமல் கட்டிக்கொள்ள நாடா ஒட்டிக் கொடுத்தேன். இருபது நிமிட வேலை. நீலப் பேனா அவர் பையில்தான் இருந்தது. எந்த விரல் என்று நான் கேட்கவில்லை. டாக்டரிடம் போய் அதைக் கேட்பதா?

இரண்டு வாரம் கழித்து மாடியிலுள்ள ஆபரேஷன் அறைக்கு ஏறும்போது பாதிப் படியில் நின்று இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்ன சார் என்றேன். "ரெண்டு நாளா ஸ்ப்ளின்ட் போடல, அதான்" என்றார். நோயாளிகளைத் திட்டுவது போலவே அவரையும் திட்டினேன். ஒழுங்காகப் போட்டால்தானே சரியாகும், சொல்பேச்சுக் கேட்கமாட்டீர்களா என்றேன். தலையை ஆட்டிவிட்டு மேலே போனார். அன்றிலிருந்து ஒழுங்காகப் போட்டுக்கொண்டாராம்.

டீக்கடையில் சொல்லியிருந்தால்கூட, படியேறும்போது இடது கை வலிக்கிறதா, நெஞ்சைப் பாருங்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் கையையே பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள். கை வலிக்கிறது என்றதும் கையைப் பார்த்தோம். எனக்கு இன்னும் ஆறவில்லை. எழுதும்போது கூசுகிறது.

புதன்கிழமை சாயங்காலம் அவரை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். மீனாட்சி அக்கா என்னை அருகில் இழுத்து உட்காரவைத்து, அவருடைய இடது கையைத் திருப்பிக் காட்டினார். குளிப்பாட்டியும் முழுதாகப் போகாத நீலப் புள்ளிகள் இருந்தன.

"ஒன்னையத்தான் கேக்கணும் செல்வி. காலையில எந்திரிச்சு நீ குடுத்த பட்டையக் கழட்டி வச்சாரு. பேனாவ எடுத்துக் கையில புள்ளி வச்சாரு. காப்பியக் கொண்டுபோயி வைக்கிறேன், ஏறிட்டுக்கூடப் பாக்கல. கையவே பாத்துக்கிட்டு இருந்தவரு, 'மீனா, காரை எடு, புதுக்கோட்டைக்குப் போவோம்'னாரு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. எதுக்கும்மா இப்படிக் கிறுக்கி வச்சிருக்காரு?"

நான் பார்த்தேன். கட்டைவிரல் சுத்தமாக இருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சுத்தம். சுண்டுவிரலில் மூன்று புள்ளிகள். அங்கிருந்து மணிக்கட்டின் உள்ளோரமாக ஏறி, முழங்கையைத் தாண்டி மேலே போயிருந்தன.

"தெரியலக்கா" என்று சொன்னேன்.

தெரியும் அக்கா. அன்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அது கிறுக்கல் அல்ல. ஊரில் எல்லாரிடமும் கேட்ட கேள்வியை அன்று காலையில் அவர் தன்னிடமே கேட்டுக்கொண்டார். மணிக்கட்டு இல்லை, நெஞ்சு என்று பதில் கிடைத்ததும் உங்களைக் காரை எடுக்கச் சொன்னார். அதை ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியவள் நான். பேனா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இதைப் படித்த பிறகு நீங்கள் என்னைத் திட்டுங்கள். அந்த வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொன்னாலும் சரி.

சார், சுண்டுவிரலில்தான் வைத்திருந்தீர்கள். நானும் பார்த்துவிட்டேன். சரியாகத்தான் வைத்திருக்கிறீர்கள். போய் வாருங்கள்.