இரண்டு நாடுகளும் எங்கள் வீடும்

அக்கா சென்னைக்குப் போகலாமா கூடாதா என்பதை அப்பா அன்று சாயங்காலம் தீர்மானிப்பதாக இருந்தது. அவள் கள்ளக்குறிச்சியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. நான் ஐந்தாம் வகுப்பு. சென்னையில் நடப்பது, கதைகளில் வரும் கற்பனை நாடுகளை ஒப்பிட்டுப் பேசும் போட்டி. இரண்டு நாள் வெளியூரில் தங்க வேண்டும். வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டிவிட்டு வந்த அப்பா, செருப்பைக் கழற்றும்போதே, "இன்னா பேசப் போறியோ, அத மொதல்ல எங்கிட்ட படிச்சிக் காட்டு" என்றார்.

அந்த வார வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் வேறு வருவதாக இருந்தது. அக்காவைப் பார்க்க வருகிறார்கள் என்றார்கள். என்னைப் பார்க்க மாட்டார்களா என்று எனக்குக் குறை.

அக்கா நின்றுகொண்டே படித்தாள். முதல் நாட்டில் பசி இல்லை, சண்டை இல்லை, கதவுக்குப் பூட்டு இல்லை. யார் எந்த வேலைக்குப் போவது, யாரை யார் கட்டிக்கொள்வது எல்லாம் பெரியவர்கள் பார்த்து முடிவு செய்துவிடுவார்கள்.

"நல்ல ஊராத்தான இருக்குது" என்றார் அப்பா.

இரண்டாவது நாட்டில் தெருவுக்குத் தெரு கேமரா. கடிதங்களைப் பிரித்துப் படிப்பார்கள். யார் யாரோடு பேசினார்கள் என்று தினமும் விசாரணை.

"இது அக்கிரமம். மனுசன் எப்படி அங்க இருப்பான்?"

கல்லூரியிலிருந்து வந்ததும் அக்கா ஒப்படைத்துவிட வேண்டிய போன், அப்போது அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

அக்கா நோட்டை மூடினாள். "அவ்ளோதாம்பா."

ஒரு வாரமாக அவள் ஒத்திகை பார்த்ததைக் கேட்டு எனக்கு எல்லாம் மனப்பாடம். அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்து உதவப் போனேன்.

"இல்லப்பா, இன்னும் இருக்குது. ரெண்டு நாடும் ஒண்ணுதான், ரெண்டுலயும் வேணாம்னு சொல்ல ஆளில்ல, இத எங்க வூட்லயே பாத்துக்கினு இருக்கேன்னு முடிப்பா."

அடுப்படியில் அம்மா குழம்பைக் கிண்டுவதை நிறுத்தினாள். அக்காவின் விரல்கள் நோட்டின் முனையை மடக்கி மடக்கிப் பிரித்தன. அப்பா அடிப்பார் என்று பயந்து கதவோரம் ஒதுங்கினேன். அவர் அதுவரை யாரையும் அடித்ததில்லை. எப்படி அடிப்பார் என்று தெரியாததால் பயம் இன்னும் கூடியது.

"உனக்கு இன்னா வேணாம்? சொல்லு" என்றார் கடைசியில்.

அக்கா அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "ஏங்க, வெள்ளிக்கெழம அவுங்க வர வேணாம். போன் பண்ணி சொல்லிடுங்க."

"நீ உள்ள போ."

"போவல. மொதல்ல சொல்லுங்க."

அம்மா அவரை எதிர்த்து நின்று அன்றுதான் பார்த்தேன். அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்காவின் போனை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனார். ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். ஆனால் வாசலில் அவர் தன் போனில் பேசுவது கேட்டது. "தப்பா நெனச்சிக்காதீங்க. பொண்ணு படிச்சிக்கினு இருக்குது."

அக்கா சென்னைக்குப் போனாள். பரிசு கிடைக்கவில்லை. நான்தான் அழுதேன்.

அவள் திரும்பி வந்த மறுநாள், அப்பா மலைக்குக் கிளம்பியதும், அம்மா அவளை உட்காரவைத்து அந்தப் பேச்சை முழுதாகப் படிக்கச் சொன்னாள். கடைசிப் பகுதி வந்தபோது, "இன்னொரு வாட்டி படி" என்றாள். படித்து முடித்ததும் மறுபடியும் கேட்டாள். அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டதோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.