சிறுகுழல் துப்பாக்கிக்கு நான் கண்ட அளவு

முயல் வேட்டைக்கு நான் தேர்ந்தது பழைய முறைத் துப்பாக்கி. குழலின் வாய்வழியே கருமருந்தை அளந்து கொட்டி, எண்ணெய் தோய்ந்த துணித்துண்டில் பொதிந்த ஈயக் குண்டைத் திணிகோலால் இறக்க வேண்டும். குண்டு ஒரு பட்டாணியளவே. அது தலையில் பட்டால் முயல் அங்கேயே விழும். வயிற்றில் பட்டால் புதருக்குள் ஓடி, நெடுநேரம் கிடந்து சாகும். ஆகவே எனக்கு நானே ஒரு நிபந்தனை விதித்திருந்தேன்: இருபத்தைந்து மீற்றரில் ஐந்து குண்டுகளும் நோர்வேயின் இருபது குரோனர் நாணயம் ஒன்றுக்குள் விழாவிட்டால், அந்த ஆண்டு நான் வேட்டைக்குப் போவதில்லை.

கோடையில் இருபது கிரெயின், அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் கிராம், மருந்தோடு அது எளிதாகவே கைகூடியது. வேட்டைக்கு ஒரு வாரம் முன்பு, பனிக்குளிரில் சுட்டபோது குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. மருந்து போதவில்லை என்று எண்ணி இருபத்தைந்தாகக் கூட்டினேன். சிதறல் இன்னும் மோசமானது. அண்ணாவின் மனைவி, காரோட்டி வந்தவர், கைகளைத் தேய்த்தபடி பின்னால் நின்றார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சாள் என்றே அழைப்போம்.

"மச்சாள், முயல் பயந்து செத்தால் அதுவும் கணக்கோ?" என்று கேட்டார்.

"கொஞ்சம் பேசாமல் இருங்கோ."

சுட்ட துணித்துண்டுகளைத் தரையிலிருந்து பொறுக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் கருகிக் கிழிந்திருந்தது. மறுபக்கம் வெள்ளைக் கொழுப்புத் திட்டுகள். பையிலிருந்த புதிய துண்டுகளும் விறைத்த அப்பளம் போலிருந்தன. மச்சாள் ஒன்றை மூக்கருகே பிடித்தார்.

"தேங்காயெண்ணெயே பூசினனீர்? ஐயோ, தலைக்கு வைக்க முந்தி போத்தலை ஹீற்றருக்கு மேல வைச்சு உருக்கிறனாங்களெல்லே! பட்டம் எடுத்த ஆளுக்கு இது தெரியேல்லை."

தெரியாமலில்லை. அம்மருட் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் குளிர்காலம் முழுவதும் அந்தப் போத்தல் ஹீற்றர்மேல்தான் இருக்கிறது. சூடான அடுக்களையில் உருகிய எண்ணெயில் துணியைத் தோய்த்த நான், அது வெளியே உறையும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. உறைந்த துணி குழலுக்குள் ஒரு சீராக இறுகவில்லை. எண்ணெய் எட்டாத இடத்தில் தீ புகுந்தது. மருந்தைக் கூட்டியது தீயைத்தான் கூட்டியது. அந்த அளவு மருந்தோடு முயலில் பட்டிருந்தால் இறைச்சியும் சிதைந்திருக்கும்.

அந்த வாரம் நம்மூர்ச் சாமான் கடைகள் உள்ள குறொன்லாண்டில் நல்லெண்ணெய் வாங்கினேன். அதே தடித்த பருத்தித் துணி, அதே குண்டு, மீண்டும் இருபது கிரெயின். தோய்த்த துண்டுகளை ஓரிரவு பால்கனியில் விட்டு, காலையில் மடித்துப் பார்த்தேன், நெகிழ்ந்தன. சனிக்கிழமை ஒவ்வொரு வெடிக்கும் பின் குழலைத் துடைத்து, அவசரமின்றி ஐந்து முறை சுட்டேன். மச்சாள் காகிதத்தின்மேல் நாணயத்தை வைத்தார். ஒரு துளையும் வெளியே தெரியவில்லை.

"சரி, இனி முயல்தான் யோசிக்க வேணும்," என்றார்.

மறுநாள் முயல் பனிப்புல்லில் குந்தியிருந்தது. இருபது மீற்றர்கூட இல்லை. புகை விலகியபோது அது இருந்த இடத்திலேயே கிடந்தது. ஓடிப்போய்த் தொட்டேன், ஒரு துடிப்புமில்லை. உடன் வந்த நோர்வேக்காரர்கள் என்ன மருந்தளவு என்று கேட்டார்கள். நான் துணியிலிருந்து தொடங்கினேன், நீளமாக, வெட்கமில்லாமல்.