பத்து மணிக்கு முன்னால் நிரம்பிய சீசாக்கள்

கொதிக்க வைத்த தண்ணீரில் சின்னச் சின்னச் சீசாக்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள் பத்தூல். மொத்தம் அறுபது. அன்று காலை அறுபது பிள்ளைகளின் சிறுநீர் இருந்தவை. ஜெஸீரா பாசன வட்டாரத்தின் வாய்க்கால் கரையில் முப்பது வருடமாகப் பிரசவம் பார்க்கிறவள் என்பதால் அருவருப்பெல்லாம் எப்போதோ விட்டுப்போயிருந்தது.

மருத்துவக் கல்லூரி மாணவர்கள் பன்னிரண்டு பேர் கிராமத்தில் ஆராய்ச்சி பழக வந்திருந்தார்கள். வாய்க்கால் தண்ணீரில் இறங்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நத்தைக் காய்ச்சல் என்று பார்ப்பது அவர்கள் வேலை. நத்தையிலிருந்து வரும் புழு உடம்பில் தங்கி, அதன் முட்டை சிறுநீரில் இறங்கும் நோய் அது. பாதிப் பேருக்கு இருந்தால் ஊருக்கே மாத்திரை வரும். இல்லையென்றால் வராது.

மாணவி விதாத் சிரித்த முகத்தோடு வந்தாள்.

“சித்தி, நல்ல சேதி. அறுபதுல மூணு பேருக்குத்தான் முட்டை தெரிஞ்சுது.”

பத்தூலின் கை நின்றது. காலையில் அவள் பக்கத்து ஊரில் ஒரு பிரசவத்தில் இருந்தாள்.

“எத்தனை மணிக்கு வாங்கினீங்க?”

“ஏழுக்கு ஆரம்பிச்சு ஒன்பதரைக்குள்ள முடிச்சுட்டோம். பத்து மணிக்கு ஹாஜி பாபிகிர் வீட்டுல காலைச் சாப்பாடு. ஆடு அறுத்திருந்தாங்க. லேட்டாப் போனா அவங்க மனசு நோகும்னு சார் சொன்னார்.”

“உன் நோட்டை எடு. முட்டை எப்ப எறங்கும்னு போட்டிருக்கு?”

விதாத் பக்கம் புரட்டினாள். குரல் இறங்கிப்போனது. “பத்து மணிக்கு மேல ரெண்டு மணிக்குள்ள.”

“எழுதினது யாரு?”

“நான்தான்.”

“வயித்துக்குப் பசிச்சதும் அது மறந்துபோச்சு. இங்க பசங்க ரத்தமா மூத்திரம் போறாங்க. நீ மூணுன்னு எழுதிட்டுப் பட்டணம் போய்ச் சேருவ.”

ஈரக் கையோடு பாபிகிர் வீட்டுக்கு நடந்தாள். முற்றத்துக் கட்டிலில் மாணவர்களின் ஆசிரியர் சித்தீக் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“சின்னக் குறைதான் அக்கா. பசங்க பழகத்தானே வந்திருக்காங்க?”

“பழகறதுக்கு எங்க பிள்ளைங்க ஒடம்புதான் கெடச்சுதா? இதையே பழகிட்டுப் போனா நாளைக்கு இவங்க பன்னெண்டு பேரும் பன்னெண்டு ஊரைக் கெடுப்பாங்க டாக்டர்.”

பாபிகிருக்கு முகம் சிவந்தது. “வந்த விருந்தாளிக்குச் சோறு போட்டது தப்பா?”

“உங்க ஆட்டுக்கறி எங்க பிள்ளைங்களோட மாத்திரையைத் தின்னுடுச்சு ஹாஜி. நாளைக்கு உச்சி வரைக்கும் இவங்களுக்கு ஒண்ணும் போடாதீங்க.”

“பட்டினி போடறதுக்கு என் வீடுதான் கெடச்சுதா?”

“நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு பஸ்,” என்றார் சித்தீக். பேச்சு முடிந்தது என்பதுபோல் கோப்பையைக் கீழே வைத்தார்.

ஆண்களோடு இனிப் பேசிப் பயனில்லை. பத்தூல் நேராக அடுக்களைக்குப் போனாள். பாபிகிரின் மனைவி நிஃமத் மறுநாளைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

“உன் பேரன் மூணு மாசமா வெளுத்துக் கெடக்கான். மூணே பேருன்னு எழுதிட்டுப் போறாங்க. மாத்திரை வராது.”

நிஃமத் எழுந்தாள். மாவுச் சட்டியை மூடி உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

மறுநாள் காலை அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. பாபிகிர் வாசலில் நின்று செருமினார். விருந்தாளிகளின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. எட்டு மணிக்கு பஸ் உறுமியது. விதாத் மட்டும் ஏறவில்லை.

“இந்த அறிக்கையில என்னால கையெழுத்துப் போட முடியாது சார். நேரம் தப்புன்னு தெரிஞ்சும் எடுத்திருக்கோம்.”

மற்ற மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். சித்தீக் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஓட்டுநரிடம் எஞ்சினை அணைக்கச் சொன்னார்.

முட்டை நன்றாக இறங்கட்டும் என்று பதினோரு மணி வெயிலில் அறுபது பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தை மூன்று சுற்று ஓடினார்கள். ஓடி முடித்ததும் பத்தூல் சீசாக்களைக் கையில் கொடுத்தாள். ஒவ்வொன்றின் மேலும் பிள்ளையின் பேரோடு நேரத்தையும் விதாத் எழுதினாள். நுண்ணோக்கியில் முதல் பத்தை சித்தீக்கே பார்த்தார். ஏழில் முட்டை இருந்தது. மீதி ஐம்பதையும் பார்க்க மாணவர்கள் முறை வைத்துக்கொண்டார்கள்.

“எடைக்குத் தகுந்தாப்புலதான் மாத்திரை கேட்கணும்,” என்றார் சித்தீக், தலை நிமிராமல்.

பத்தூல் தானியக் கடைத் தராசைத் தூக்கி வரச்சொல்லி, வேப்பமரக் கிளையில் மாட்டி, முதல் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.