பெரியாஸ்பத்திரியில எறங்குன மாரியாத்தா

ஒனக்கு எதுக்குடி அதெல்லாம்? சோறு வடிக்கக் கூப்புட்டா காது கேக்கல, அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுன கதைன்னா மட்டும் வந்து குந்திக்கிற. அடுத்தவ தொண்டையில என்ன சிக்குச்சுன்னு தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போற? சரி, காலை மடக்கி ஒக்காரு. என் மாமியா போய்ச் சேந்து எவ்வளவோ வருசமாச்சு. இனி எந்திரிச்சு வந்து என்னைய அடிக்கவா போகுது?

ராசா ஆட்சி போயி கொஞ்ச வருசம் இருக்கும். நான் கல்யாணமாகி வந்த புதுசு. எங்க ஊரு நார்த்தாமலைக்கு அங்கிட்டு. பங்குனியில மாரியாத்தாளுக்குக் காப்புக் கட்டிட்டா ஊரே சுத்தபத்தமாயிரும். மீனு, கறி வாசமே ஆகாது. எல்லையத் தாண்டிப் போனவுக வெளக்கு வைக்கிறதுக்குள்ள திரும்பிறணும். வெளியூருல ராத்தங்குனா காப்பு முறிஞ்சுபோகும். மொளப்பாரி எடுக்குறதுல மொத ஆளு என் மாமியா. அது தலையில மொதப் பானை ஏறுனாத்தான் மத்தவளுக பானையத் தொடலாம். அந்த மொதப் பானைக்குப் பல வருசமா கழுத்த நீட்டிக்கிட்டு நின்னது என் சின்ன மாமியா. அதாவது மாமியாளோட ஓரகத்தி.

அந்த வருசம் காப்புக் கட்டுற அன்னைக்குக் காலையில கம்மாயில மீன் புடிச்சாக. வீட்டுக்கு வீடு கெண்டை மீன் கொழம்பு. பொழுது சாயிறதுக்குள்ள தின்னு முடிச்சு, மிச்சத்தக் கொட்டி, வீட்ட மொழுகியாச்சு. அப்புடித்தான் நானும் நெனச்சேன். மறுநா விடிய மாட்டுக்கொட்டாயில சாணி அள்ளப் போறேன், கூடைக்குப் பின்னாடி மாமியா குந்தியிருக்கு. முழி ரெண்டும் பிதுங்கி நிக்கிது. பக்கத்துல பழைய சோறு, கொழம்புச் சட்டி. அதையும் குத்தஞ் சொல்ல முடியாதுடி. மறுநா மீன் கொழம்பு ருசிக்கு மாரியாத்தாளே மனுசியாப் பொறந்திருந்தாலும் கூடைக்குப் பின்னாடிதான் ஒக்காந்திருப்பா.

"அத்தே, என்னத்தே?"ன்னேன். தொண்டையக் காட்டுச்சு. வாழப்பழத்த முழுங்கச் சொன்னேன். சோத்து உருண்டைய முழுங்கச் சொன்னேன். முள்ளு இன்னும் வசதியா ஒக்காந்துக்கிச்சு. எச்சியில ரத்தம். சட்டிய எருக்குழியில பொதைச்சுட்டு, "அத்தைக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு, ஓடியாங்க"ன்னு கத்துனேன்.

ஊரு கூடிருச்சு. பூசாரி துன்னூற அள்ளி அடிச்சாரு. "ஆத்தா தொண்டையில வந்து நிக்கிறா. வாக்குச் சொல்லப் போறா"ன்னாரு. வாக்கு வரல, எச்சிதான் ஒழுகுச்சு. எங்க வீட்டுக்காரரு பேசாம வண்டியப் பூட்டுனாரு.

டவுனு பெரியாஸ்பத்திரிக்கு சீக்காளி தனியாப் போறது எங்க ஊருல மரியாத இல்ல. பின்னாலயே இன்னொரு வண்டி நெறைய பொம்பளைக, ஆளுக்கொரு காலிப் பாட்டிலோட. மருந்துத் தண்ணிய ஓசியில குடுப்பாக, பாட்டிலு நம்மளதா இருக்கணும். ஒருத்திக்கு மூட்டு வலி. ஒருத்திக்கு ஏப்பம். இன்னொருத்திக்கு ஒண்ணுமில்ல, வீட்டுல பாட்டிலு சும்மா கெடந்துச்சு.

அங்க அவசரத்துக்குன்னு ஒரு ரூமு. ஒரு மேசை, ஒரு டாக்டரு, ஒரு நர்சம்மா. வாசல்ல யாரு அவசரம் பெருசுன்னு சண்டை. பனைமரத்துலருந்து விழுந்தவன் மூலையில கம்முன்னு கெடக்கான். தலவலிக்காரன் ஒருத்தன் போடுற கூப்பாட்டுல ஓடு ஆடுது.

"என்னைய மொதல்ல பாருங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு!"

"பஸ்ஸுக்குத்தான் அவசரம்னா பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க"ன்னாக நர்சம்மா.

பனைமரத்துலருந்து விழுந்தவனத்தான் மொதல்ல உள்ள தூக்குனாக. அந்த வலியிலயும் அவன் மொகத்துல ஒரு பெருமை.

அடுத்து நாங்க. நாங்கன்னா ரெண்டு வண்டியும். டாக்டரு சின்ன வயசு, வெளியூருக்காரரு. மூச்சு விட எடமில்லாம நின்னுக்கிட்டு, "என்னம்மா சாப்பிட்டீங்க?"ன்னாரு.

மாமியா கைய மேல தூக்கி வானத்தக் காட்டுச்சு.

"மேலயா? மாங்காயா?"

"ஆத்தாளக் காட்டுறாகங்க"ன்னேன் நான்.

"மீன் ஏதும் சாப்பிட்டாங்களா?"

அம்புட்டுத்தான். "காப்புக் கட்டுன ஒடம்பப் பாத்துப் பேசுற பேச்சாங்க இது?"ன்னு பாட்டிலெல்லாம் ஓங்கிருச்சு. சின்ன மாமியாளுக்கு மட்டும் கோவமே வரல. "நல்லாக் கேளுங்க டாக்டரய்யா, இன்னொருக்கா கேளுங்க"ங்குது.

டாக்டரு பயந்துட்டாரு. "முள்ளு இல்லைன்னா உள்ள ஏதோ வீக்கமா இருக்கும். பெட்ல சேத்து ரெண்டு மூணு நாள் பாக்கணும். கேக்கலைன்னா திருச்சிக்கு அனுப்பி அறுத்துத்தான் பாக்கணும்."

மாமியா மொகம் செத்துப்போச்சு. மீனுன்னு சொன்னா மொதப் பானை போச்சு. இல்லைன்னு சொன்னா ராத்தங்கணும், காப்பு முறிஞ்சு அப்பவும் பானை போச்சு, கூடவே தொண்டையும் போச்சு. மெல்லத் திரும்பி என்னையப் பாத்துச்சு. வந்த நாளா என்னைய அப்புடி அது பாத்ததே இல்ல.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க"ன்னேன். ஒருத்தி நகரல. புது மருமக சொல்லி எவ நகருவா?

கொண்டைய அவுத்து விட்டேன். பல்லக் கடிச்சேன். "ஏஏய்! என் புள்ளைக்கு வைத்தியம் பாக்குற எடத்துல என்னடா கூட்டம்? போங்கடா வெளியே!"ன்னு ஒரு ஆட்டம் ஆடுனேன் பாரு. அம்புட்டுப் பேரும் கன்னத்துல போட்டுக்கிட்டு, முதுகு காட்டாமப் பின்னாடியே நடந்து வெளிய போனாக. வாசல்ல காவலுக்கு நின்னவரு செருப்பக் கழட்டிட்டாரு. தலவலிக்காரன் போன எடந் தெரியல. நர்சம்மாவும் நழுவப் பாத்தாக. "நீ இரு தாயி, வெளக்குப் புடிக்க ஆளு வேணும்"னு ஆத்தா உத்தரவு போட்டா.

கதவச் சாத்தி, கொண்டைய முடிஞ்சுக்கிட்டு, டாக்டரு பக்கத்துல போயி, "கெண்டை முள்ளுங்க. நேத்து வச்ச கொழம்பு"ன்னேன். அந்த மனுசன் கைக்குட்டையால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாரு. அப்புறம் நாக்க அமுக்கி, இடுக்கியால ஒரே இழுப்பு. கெளை பிரிஞ்ச சின்ன முள்ளு, கவட்டை கணக்கா.

பேச்சு வந்ததும் மாமியா கேட்ட மொதக் கேள்வி, "சின்னவளுக்குத் தெரியுமா?"

"தெரியாதுத்தே."

"அப்ப அந்த முள்ள இங்கிட்டுக் குடுங்க"ன்னு வாங்கி முந்தியில முடிஞ்சுக்கிச்சு. "புண்ணு ஆறுற வரைக்கும் மீன் சாப்பிடாதீங்கம்மா"ன்னாரு டாக்டரு. "விரதகாரி நான், வாசமே எனக்கு ஆகாதுங்க"ங்குது, மூஞ்சிய வச்சது வச்சபடி!

வெளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி ஊரு வந்து சேந்துட்டோம். அக்கம்பக்கம் பூரா எங்க வாசல்ல. சின்ன மாமியா சும்மா இருக்குமா? "ஆத்தா வந்து எறங்குனது மருமக மேலதானே? அப்ப மொதப் பானை இனி இவளுக்குத்தானே? அதுசரி, அவ தொண்டையில இருந்து அந்த டாக்டரு என்னத்தத்தான்டி எடுத்தாரு?"ன்னுச்சு. மாமியா முந்திய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிது.

நான் சொன்னேன்: "என்னத்த எடுத்தாரா? ஆத்தா தன் சூலத்தையில்ல அத்தை தொண்டையில ஊனி வச்சிருந்தா! ஊசி தண்டிதான் இருந்துச்சு, மொனை கெளை பிரிஞ்சு, என் கண்ணால பாத்தேன். டாக்டரே அதக் கையெடுத்துக் கும்புட்டாரு. என்கிட்ட அவ சும்மா வந்துட்டுப் போனா, அம்புட்டுத்தான். சூலத்தையே முழுங்கி வச்சிருந்தவுக இங்க நிக்கையில, மொதப் பானைய நான் தூக்குனா அடுக்குமாங்க?"