குரலுக்குப் பதிலாக நின்ற ஸ்பீக்கர்

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கிகளை அளந்து சரிசெய்யப் போயிருந்தேன். கோவையிலிருந்து ஊர் ஊராகப் போய் இந்த வேலையைச் செய்துதான் பிழைக்கிறேன். அன்று மாலை வரவேற்பில் பெண்ணின் அப்பா பேச வேண்டும். தேங்காய் ஏலத்தில் கத்திக் கத்தியே ஊருக்குத் தெரிந்தவர். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தபிறகு அவரிடம் மிஞ்சியது கிசுகிசுப்பு மட்டும். அதிலும் அதிகம் பேசக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. மகளுக்கு அவர் சொல்லும் வாழ்த்து கடைசி வரிசை வரை கேட்க வேண்டும். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

பேசக் கூடாத மனிதரை வைத்துக்கொண்டு நாளெல்லாம் சோதிக்க முடியாது. காலையில் ஒரே ஒரு வரி பேசச் சொல்லி, மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டேன். பிறகு மைக்குக்கு முன்னால், அவர் வாய் இருக்கும் உயரத்தில், ஒரு சின்ன ஸ்பீக்கரை நிறுத்தி, அதே அளவுக்கு இரைச்சலை ஓடவிட்டேன். தூரத்து மழை போல ஒரு சீரான சத்தம். மற்ற எல்லாவற்றையும் இனி அதற்கேற்றபடி வைக்க வேண்டும்.

அவர் குனிந்து காதை வைத்துக் கேட்டார். பேசியது அவர் மனைவிதான்.

"ஏனுங்க, இதென்னங்க சத்தம்?"

"இதுதானுங்க அண்ணனோட சத்தம்," என்றேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து வேலையைத் தொடங்கினேன். எல்லாம் சொன்னபடி கேட்டது. மைக்கின் வால்யூமை ஏற்றினேன், மண்டபத்து ஒலிபெருக்கிச் சத்தம் மைக்குக்குள் திரும்பிப் புகுந்தால் வருமே, அந்த ஊளையே வரவில்லை. கடைசி வரிசையில் இரைச்சல் தெளிவாக விழுந்தது. எனக்கே என்மேல் கொஞ்சம் கர்வம்.

முடிக்கும்போது அந்தச் சின்ன ஸ்பீக்கரை இன்னொரு முறை அளந்து பார்ப்பது என் வழக்கம். காலையில் வைத்ததைவிடப் பத்து டெசிபல் அதிகமாகக் காட்டியது. யாரோ வால்யூமைத் தொட்டிருக்கிறார்கள். இத்தனை நேரம் நான் அளந்தது அவர் குரலையே அல்ல, அதைவிடப் பெரிய ஒரு குரலை. இப்படியே விட்டால் அவர் பேசுவது முன்வரிசையைக்கூடத் தாண்டாது. வாசலில் கார்கள் வரத் தொடங்கிவிட்டன.

என் சாமானை யாராவது தொட்டால் எனக்குச் சுள்ளென்று ஏறும். பூ அலங்காரக்காரர்களைப் பிடித்துக்கொண்டேன்.

"யாருங்க இதைத் தொட்டது? சொல்லிப்போடுங்க."

அவர்கள் திருதிருவென்று முழித்தார்கள். என் தோளுக்குப் பின்னால் வெறும் காற்றாக ஒரு குரல் வந்தது.

"நான்தானுங்க அம்மணி." பட்டு வேட்டியில் அவர் நின்றார். "சொந்தக்காரங்கெல்லாம் வந்து கேட்டுப் பாத்தாங்க. இத்தினியூண்டுதானான்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. கொஞ்சம் ஏத்தி வெச்சுப்போட்டேன்."

கோபம் போன இடம் தெரியவில்லை. பயம்தான் மிச்சம். ஸ்பீக்கரைப் பழைய அளவுக்கு இறக்கிவிட்டு மைக்கை ஏற்றினேன். பாதியிலேயே கூடம் ஊளையிட்டது. வந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். எந்தச் சுரத்தில் ஊளை வருகிறதோ அதையெல்லாம் வெட்டிப் பார்த்தும் போதவில்லை. ஸ்பீக்கரை மைக்கோடு ஒட்டி நகர்த்தியபோதுதான் கடைசி வரிசையில் லேசாகக் கேட்டது.

"மைக்கு உதட்டோட ஒட்டி இருக்கோணுமுங்க. ஃபேனையும் நிறுத்தோணும்," என்றேன் அவரிடம்.

வாயருகே மைக் வேண்டாம், நோயாளி மாதிரி தெரியும் என்று காலையில் மறுத்தவர் அவர். இப்போது தலையாட்டினார். மனைவி போய் விசிறிகளை நிறுத்தச் சொன்னார்.

அவர் மேடையேறினார். புழுக்கத்தில் ஜனம் சலசலத்துக்கொண்டிருந்தது. என் விரல் வால்யூமில் இருந்தது. ஒரு மயிரிழை ஏற்றினால் ஊளை, இறக்கினால் அவர் பேசுவதே கேட்காது.

மைக்கை அவரே இழுத்து உதட்டில் வைத்துக்கொண்டார்.

"இப்ப என்ற சத்தம் இவ்வளவுதானுங்க," என்றார். "சித்த பேசாம இருங்க. புள்ளைகிட்ட ஒண்ணு சொல்லோணும்."

கடைசி வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மேடையைப் பார்த்தார்கள்.