எலும்பு முத்தட்டும்

அப்பா ஆசைப்பட்டு வாங்கின அல்சேஷன் பெட்டைக்குட்டி வளர்ந்து முடிய முதலே அப்பா போய்விட்டார்.

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன்னம் அதுக்குக் கருத்தடை செய்துபோடு. கிரியை நடக்கேக்கை தெருநாயெல்லாம் வாசல் படலைக்கு வந்து நிண்டால் மானம் போகும்" என்று அம்மா கத்தினா. கனடாவிலிருந்து அண்ணையும் அதையேதான் சொன்னார். மிருக வைத்தியரோ, "பெரிய சாதி நாய், எலும்பு முத்தட்டும், அவசரப்படாதேங்கோ" என்றார். நான் வைத்தியர் பக்கம் நின்றேன். வீட்டில் ஒருவரும் எனக்கு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை.

அம்மா பயந்ததுதான் நடந்தது. குட்டி பருவத்துக்கு வந்தது. அந்தியேட்டியன்று உள்ளே குருக்கள் மந்திரம் சொல்ல, வெளியே ஊர்க் கடுவன் நாய்கள் எல்லாம் கூடிவிட்டன. கிரியை முடியும்வரை, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முற்றம் கூட்டும் தும்புத்தடியோடு படலையில் நின்றவள் நான்தான். ஒன்றைக்கூட உள்ளே விடவில்லை.

சத்திரசிகிச்சையை அடுத்த வருடம் செய்வித்தேன். இப்போது அது ஒழுங்கை வழியே நடந்தால் சனம் விலகி நின்று பார்க்கும். போன கிழமை பக்கத்து வீட்டுக்காரி தன்ரை குட்டிக்கு எப்ப செய்யலாம் என்று கேட்க, அம்மா சொன்னா:

"எலும்பு முத்த முதல் செய்யக்கூடாது பிள்ளை. ஆர் என்ன சொன்னாலும் நாங்கள் விடேல்லை."

நாங்களாம்! மூலையில் கிடந்த தும்புத்தடியை எடுத்து அவவின் கையில் கொடுத்தேன்.